ஒருவருஷ ராஜாவின் கடன்

நான் முதலாளிக்குத் தர வேண்டியது அறுபத்தெட்டாயிரத்து நானூறு. அதில் ஒரு பைசாவைக்கூட நான் கையில் வாங்கிச் செலவழித்ததில்லை. கல்யாணத்துக்கு வாங்கவில்லை, வைத்தியத்துக்கு வாங்கவில்லை. ஒரு பழைய வெள்ளிக்காசு காணாமல் போயிற்று, அதன் விலை என் தலையில் வந்து உட்கார்ந்துகொண்டது. அவ்வளவுதான் கதை.

முதலாளிக்கு முலாம் பூசும் பட்டறை. கரண்டி, தட்டு, கோப்பை எல்லாம் பித்தளையாக உள்ளே வரும், வெள்ளியாக வெளியே போகும். எனக்குத் தொட்டியில் வேலை. கம்பியில் கோத்த சாமானை அமிலத்தில் முக்கி, கழுவி, வெள்ளித் தொட்டியில் இறக்கி, மறுபடி கழுவி, கடைசியில் கறுத்துப்போகாமல் இருக்க லாக்கர் என்கிற வார்னிஷ் அடித்துக் காயப்போடும் வரை என் பொறுப்பு. அதனால் எனக்குப் பேரே தொட்டி என்றாகிவிட்டது. அம்மா அப்பா வைத்த பேர் சம்பள நாளில்கூட வெளியே வராது.

பட்டறைக்குப் பின்னால் ஓர் அறை. அதில் நானும் என் வீட்டுக்காரியும். அறைக்கு இருப்பது ஒரே ஜன்னல், அது திறப்பது பட்டறைப் புகைக்குழாயின் வாயில். திறந்தால் அமில நெடி, மூடினால் வேக்காடு. எதைச் செய்தாலும் அவளுக்கு இருமல் வரும். ஆஸ்பத்திரியில் மார்பில் குழாய் வைத்துப் பார்த்த டாக்டரம்மா மருந்து எழுதவே இல்லை. "முதல்ல அந்த ரூமை விட்டு வெளிய வாங்க. அப்புறம் மருந்தைப் பத்திப் பேசலாம்" என்றார். வெளியே வருவதாவது. கடன் இருக்கிறதே. வேறு பட்டறையில் போய் நின்றால் முதல் கேள்வியே, "அங்க கணக்குத் தீர்த்துட்டு வந்தியா?" என்பதுதான். முதலாளிகளுக்குள் ஆயிரம் போட்டி இருக்கும், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் கூடப்பிறந்தவர்கள்.

எங்கள் முதலாளிக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது. பழங்காசு சேர்ப்பதுதான் பைத்தியம். அதிலும் எல்லாக் காசும் இல்லை. பைசாந்தியம் என்று ஒரு ராஜ்யம் இருந்ததாம். ரோமாபுரி விழுந்த பிறகும் கிழக்கே அது மட்டும் ஆயிரம் வருஷம் விழாமல் நின்றதாம். அந்த ராஜ்யத்து வெள்ளிக்காசு மட்டும்தான் அவருக்கு வேண்டும். மிலியரேசியன் என்பார். அந்தப் பேரைச் சொல்லிப் பார்த்து என் நாக்கு இரண்டு முறை சுளுக்கிக்கொண்டது. காய்ந்த இலைபோல மெல்லிசான காசு. ஒரு பக்கம் மூன்று படி, படிமேல் ஒரு சிலுவை. மறுபக்கம் ராஜா முகம் இருக்கும் என்று பார்த்தால் இருக்காது. வரிவரியாக எழுத்துதான்.

எழுத்து என் கைக்கு வந்ததே நாற்பது தாண்டி. தொழிற்சங்கக் கட்டடத்தில் சாயங்காலம் நடந்த வகுப்பில் போய் உட்கார்ந்து, சிலேட்டில் இழுத்து இழுத்து, பஸ் பலகை படிக்கிற அளவுக்குத் தேறினேன். அதனால்தானோ என்னவோ அந்தக் காசுகளைப் பார்த்தால் எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. புரியாவிட்டாலும் வரியில் விரலை ஓட்டிப் பார்க்கத் தோன்றும். ஓட்டத்தான் விடமாட்டார்கள்.

காசு தொலைந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. காற்று பட்டால் வெள்ளி கறுக்கும். கறுப்பு முதலாளிக்குப் பிடிக்காது. பட்டறைக் கரண்டிக்கு லாக்கர் அடித்தால் கறுக்காமல் நிற்கிறதே, நம் ராஜாக்களுக்கும் அடித்தால் என்ன என்று அவருக்குத் தோன்றிவிட்டது. காசு சேர்க்கிறவன் எவனும் அதைச் செய்யமாட்டான். முலாம் பட்டறைக்காரன் எவனும் காசு சேர்க்கமாட்டான். இரண்டும் ஒரே ஆளாய்ப் போனதால் வந்த வினை. யாரையும் கிட்டே விடவில்லை. புதிதாக ஒரு மெல்லிய பிரஷ் வாங்கி வந்து, பட்டறை மேசையில் தானே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பூசி வலைத்தட்டில் பரப்பினார். அந்த நேரம் பார்த்து மழை கட்டிக்கொண்டு வந்தது. தகரக்கூரை ஒழுகும். அரைகுறையாகக் காய்ந்ததை அள்ளி, குழி வைத்த மரத்தட்டுகளில் அடுக்கி, "தூக்குடா மேல" என்றார். மாடியில் இருக்கிற அவர் வீட்டுக்கு நான் தூக்கிப் போனேன். அங்கே எண்ணிப் பார்த்தால் ஒன்று குறைகிறது.

குறைந்தது சாதாரணக் காசு இல்லை. அர்த்தவாஸ்தோஸ் என்று ஒரு ராஜா. மைத்துனன் ஊரில் இல்லாத நேரம் பார்த்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்தவன். வருஷம் ஒன்றும் சொச்சமும்தான் தாக்குப்பிடித்தான், பிறகு கண்ணைப் பிடுங்கிவிட்டார்களாம். உட்கார்ந்த கொஞ்ச நாளில் அவன் அடித்த காசு கொஞ்சம், அதனால் விலை அதிகம். நான் அவனுக்கு ஒருவருஷ ராஜா என்று பேர் வைத்துக்கொண்டேன். அவன் ஆண்டது ஒரு வருஷம். அவனுக்காக நான் தொட்டியில் நின்றது அதைப்போல நாலு மடங்கு ஆகிவிட்டது.

அன்றைக்கு என் சட்டையை உதறினார்கள், அறையில் பாயைக் கிழித்தார்கள், அரிசியைக் கொட்டிப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. முதலாளி சொன்னார்: "நீ திருடினியோ தொலைச்சியோ, எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். போலீஸ்கிட்ட போகட்டுமா, சம்பளத்துல பிடிக்கட்டுமா? நீயே சொல்லு." யோசிக்கிற கேள்வியா அது? "பிடிங்க முதலாளி" என்றேன்.

அன்றிலிருந்து அவர் ஒரு சட்டம் போட்டார். தட்டுகள் எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி மூடி. யாரும் காசைத் தொடக்கூடாது. அவரும் தொடமாட்டார், ஒரு மூங்கில் குச்சியால் காட்டுவார். மாதம் ஒரு ஞாயிறு காசுக்கார நண்பர்கள் இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் பல் டாக்டர். இன்னொருவர் சுங்கத்தில் இருந்து ஓய்வுபெற்ற அதிகாரி. சட்டைப்பையில் பேனாவுக்குப் பதில் சின்னத் தராசு வைத்திருப்பார். அவர்களுக்கும் அதே சட்டம்தான்.

"பொண்ணு பாக்க வந்தா கூட கை குடுக்க விடுவாங்கய்யா" என்று பல் டாக்டர் ஒவ்வொரு மாதமும் குறைப்படுவார்.

"நீங்க பல்லைப் பிடுங்குற கை டாக்டர். என் ராஜாவைப் பிடுங்கிடுவீங்க."

கண்ணாடியைத் துடைப்பது மட்டும் என் வேலை. நண்பர்கள் வருவதற்கு முன்னால் மூடியைக் கழற்றி, உள்பக்கம் படிந்த ஆவியைத் துடைத்து, மறுபடி மூட வேண்டும். முதலாளி பக்கத்தில் நின்று என் விரலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்படி ஒரு ஞாயிறு. மூடியைக் கழற்றி வைத்திருக்கிறேன். அடுத்த அறையில் போன் அடித்தது. "அசையாதே" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அசையத்தான் இல்லை. என் முழங்கை நாற்காலிக் கையில் இடித்தது, தட்டு சாய்ந்தது, கீழ்வரிசை ஓரத்துக் காசு ஒன்று துள்ளித் தரையில் விழுந்தது.

விழுந்த சத்தம் சரியில்லை. வெள்ளி விழுந்தால் கணீர் என்று கேட்கும். இது சொத்தென்று விழுந்தது. லாக்கர் காயாமல் அடுக்கிய கரண்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் இப்படித்தான் விழும். மாதத்துக்கு இரண்டு முறையாவது அந்தச் சத்தம் கேட்டு மேஸ்திரியிடம் திட்டு வாங்குகிறவன் நான். எடுத்தேன். எடுக்கக் கூடாது, ஆனாலும் எடுத்தேன். ஓரத்தில் ஒரு படி தட்டுப்பட்டது. பெரிய காசின் முதுகில் அதைவிடக் கொஞ்சம் சின்னதாக, ஓரம் நறுக்கிய இன்னொரு காசு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேலே இருப்பது அப்பனும் மகனும் சேர்ந்து பேர் போட்ட சாதாரணக் காசு, சந்தையில் கிடைக்கிறது என்று முதலாளி நண்பர்களிடம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பின்னால் இருப்பதன் சிலுவை மட்டும்தான் தெரிந்தது. எழுத்துப் பக்கம் உள்ளே போய் மாட்டிக்கொண்டிருந்தது. படித்துப் பார்க்கத் தேவையே இல்லை. தொலைந்தது ஒன்றே ஒன்று.

திருடன் என்று நான் பேர் வாங்கிய அத்தனை நாளும் அவன் அந்தத் தட்டிலேயே, கண்ணாடிக்கு அடியிலேயே, இன்னொருத்தன் முதுகில் சாய்ந்து படுத்துக் கிடந்திருக்கிறான். யாரும் தொடக்கூடாது என்று சட்டம் போட்டதால் யாருக்கும் தெரியவில்லை.

முதலாளி போனை வைக்கும் சத்தம் கேட்டது. காசைக் குழியில் போட்டு, மூடியை மூடினேன்.

மறுநாள் மத்தியானம் என் வீட்டுக்காரி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் சொன்னேன். அவள் கையில் இருந்த சட்டை அப்படியே நழுவிற்று.

"அப்போ போய்ச் சொல்ல வேண்டியதுதானே! இங்க உக்காந்து எனக்குக் கதை சொல்றீங்க?"

"சொன்னா என்ன சொல்வார் தெரியுமா? ‘ஒளிச்சு வச்சிருந்தே, விக்க முடியல, பயந்துபோய்க் கொண்டாந்து ஒட்டிட்டே’ன்னு சொல்வார். லாக்கர் யார் கையில இருக்கு? என் கையில. தட்டு யார் துடைக்கிறது? நான். தொலைஞ்ச வரைக்கும் சந்தேகம்தான். நானே எடுத்துக் குடுத்தா திருட்டு நிச்சயமாயிடும்."

அவள் இருமினாள். அடங்கிய பிறகு சொன்னாள்: "நல்லாப் பாத்தீங்களா? அதேதானா?"

"அதேதான்."

"கட்டினது இதுவரைக்கும் நாப்பத்தோராயிரத்து இருநூறு." அவளுக்குக் கணக்கு எப்போதும் நாக்கு நுனியில். "இல்லாத கடனுக்கு. கடவுளே! எங்கண்ணன் வேற அடுத்த மாசக் கடைசிக்குள்ள வரியா இல்லையான்னு கேக்குறான்."

அவள் அண்ணன் வேறு ஊரில் தண்ணீர் ஏற்றும் நிலையத்தில் வேலை செய்கிறான். எனக்கு அங்கே மோட்டார் பார்த்துக்கொள்ளும் வேலை சொல்லி வைத்திருந்தான். இரண்டு ஜன்னல் உள்ள வீடு. இரண்டும் வெளியைப் பார்த்துத் திறக்குமாம். அவள் அதைச் சொல்லிச் சொல்லி, பார்க்காத அந்த ஜன்னல்கள் எனக்கு மனப்பாடம்.

"அவரே கண்டுபிடிக்கணும்" என்றாள். "நாலு பேர் பாக்க. உங்க கை படாம."

சொல்வது சுலபம். அந்த மாதம் முழுக்க நான் பட்ட பாடு இருக்கிறதே! தொட்டியில் நின்றாலும் மனசு மாடியில்தான். முதலாளி கீழே வந்தபோது தெரியாதவன்போலச் சிரித்துக்கொண்டே கேட்டுப் பார்த்தேன்.

"முதலாளி, கீழ்வரிசை ஓரத்துல ஒரு காசு இருக்கே, அது யாரு?"

"அதுவா? அப்பன் மகன். லியோ, கான்ஸ்டன்டைன். ஏன்?"

"இல்ல, மத்ததைவிடக் கொஞ்சம் தடிமனா இருக்கிற மாதிரி…"

"உனக்கு எதுக்குய்யா தடிமன்? தொட்டியில இருக்கிற கரண்டி தடிமனைப் பாரு. போன வாரம் பாதி வெளுத்துப் போயிருந்துச்சு."

அவ்வளவுதான். பளபளப்பு மிஷினில் நிற்கிற மெருகுக்காரன் இதைக் கேட்டுவிட்டு, "என்ன தொட்டி, அடுத்த காசுக்கும் விலை விசாரிக்கிறியா?" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் அதுவும் ஒரு குற்றம்.

அதற்குமேல் வாயைத் திறக்கப் பயம். தடிமன் என்று சொல்லியிருக்கக் கூடாது என்று ராத்திரியெல்லாம் அதுவே ஓடியது. ஒரு வார்த்தை விட்டாயிற்று. நாளைக்கு எல்லாம் வெளியே வந்தால் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு என்னைக் கட்டுவார்கள். தெரியாமல் இருந்தபோது வெறும் கடன்காரனாக இருந்தேன், ஆனாலும் தூக்கம் வந்தது. தெரிந்த பிறகு அதுவும் போயிற்று.

அடுத்த கூட்ட ஞாயிறு வந்தது. மாடியில் என் வீட்டுக்காரி டீ போட்டாள். முதலாளி வீட்டம்மா ஊரில் இல்லாத நாளில் சமையலறையும் எங்கள் கணக்கில்தான் சேரும். நான் தட்டுகளை மேசையில் வைத்து ஓரமாய் நின்றேன்.

பல் டாக்டர் அன்றைக்குக் கைக்குட்டையில் சுற்றி ஒன்று கொண்டு வந்திருந்தார். பிரித்து மேசையில் வைத்ததும் முதலாளி எழுந்தே விட்டார். மிலியரேசியனைவிடத் தடியான, கனமான வெள்ளிக்காசு. ஹெக்ஸகிராம் என்றார்கள். ஒரு பக்கம் இரண்டு ராஜாக்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். மறுபக்கம் உருண்டைமேல் சிலுவை.

"சுத்தி என்ன எழுதியிருக்கு, படிங்க பாப்போம்" என்றார் டாக்டர்.

"‘கடவுளே, ரோமர்களுக்கு உதவு.’" முதலாளி மேசைமேல் குனிந்துகொண்டே படித்தார். "பாரசீகக்காரன் கழுத்தை நெரிச்ச சமயம். கஜானாவுல வெள்ளியே இல்ல, கோயில் விளக்கையெல்லாம் உருக்கி அடிச்சாங்க."

எல்லாப் பக்கமும் மாட்டிக்கொண்ட ஒரு ராஜ்யம், கடைசியில் காசின்மேலேயே கூப்பாடு போட்டிருக்கிறது. எனக்கு அந்த ஆட்களின் நிலைமை நன்றாகப் புரிந்தது.

"என்ன விலை?" என்றார் முதலாளி.

"விலைக்கு இல்ல. மாத்திக்கலாம். உங்க இந்தத் தட்டுல ரெண்டு காசு, என் இஷ்டத்துக்கு. ஆனா கையில எடுத்துப் பாத்துத்தான் வாங்குவேன். குச்சிக்கு எல்லாம் நான் மசிய மாட்டேன்."

முதலாளி கண்ணாடியைப் பார்த்தார், ஹெக்ஸகிராமைப் பார்த்தார். ஆசை ஒரு பக்கம் இழுக்கிறது, சட்டம் ஒரு பக்கம் இழுக்கிறது. சுங்க அதிகாரி டீயை உறிஞ்சிக்கொண்டே, "கழட்டுங்க சார், நாங்க யாரும் முழுங்கிட மாட்டோம்" என்றார். கடைசியில் ஆசை ஜெயித்தது. அந்த மூடியை அவரே கழற்றினார்.

டாக்டர் முதலில் ஒன்றை எடுத்தார். கறுப்பே இல்லாமல் மின்னுகிற காசு. சரி என்று வைத்துக்கொண்டார். இரண்டாவதற்கு விரல் தட்டின்மேல் வட்டம் போடுகிறது. ஓரத்துக்கு வருகிறது, போகிறது. என் பார்வையும் அந்த விரலோடு போய்ப் போய் வந்தது. நடுவரிசையில் நின்றுவிட்டது விரல்.

"எதை எடுக்கிறதுன்னே தெரியலையே" என்று சிரித்தவர், டீக் கோப்பைகளை எடுக்க வந்த என்னைப் பார்த்தார். "தொட்டி, நீ சொல்லுய்யா. நீதான் மாசாமாசம் துடைக்கிறே. எந்த ராஜா நல்ல ராஜா?"

விளையாட்டுக்குத்தான் கேட்டார். முதலாளிகூடச் சிரித்தார். காட்டினால் மாட்டுவேன். காட்டாவிட்டால் நடுவரிசைக் காசு போய்விடும், மூடி மறுபடி மூடிவிடும், மாதக் கடைசி போய்விடும், அந்த ஜன்னல்களும் போய்விடும். சமையலறையில் அவள் இருமுகிற சத்தம் கேட்டது.

"கீழ்வரிசை ஓரத்துல இருக்கிறது டாக்டர்" என்றேன்.

"பாத்தீங்களா, ஆளுக்கு ருசி இருக்கு." டாக்டர் அதை எடுத்தார். எடுத்தவர் சிரிப்பை நிறுத்தினார். உள்ளங்கையில் தூக்கித் தூக்கிப் பார்த்தார். "என்னய்யா இது, காசா பிஸ்கட்டா? சார், உங்க தராசைக் கொண்டாங்க."

சுங்க அதிகாரிக்கு இதைவிட வேறென்ன சந்தோஷம்? தராசை விரித்து வைத்தார். "ரெண்டரை, மிஞ்சிப்போனா மூணு கிராம் இருக்கணும். இது அஞ்சைத் தொடுது. ஒரு ராஜா ரெண்டு ராஜா கனம் கனக்கிறான்."

டாக்டர் நெற்றியில் ஏற்றி வைத்திருந்த பூதக்கண்ணாடியை இறக்கி ஓரத்தைப் பார்த்தார். "ரெண்டுதான். ஒட்டிக்கிட்டு இருக்கு."

முதலாளி காசைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"நீதானே காட்டினே?"

எடுத்த டீக் கோப்பைகளைத் திரும்ப மேசையில் வைத்தேன்.

"தடிமனா இருக்குன்னு அன்னைக்கே வந்து சொன்னியே! உனக்கு எப்படிடா தெரியும்? இத்தனை வருஷம் ஒளிச்சு வச்சிருந்து, இப்ப லாக்கரைத் தடவி ஒட்டிட்டு, நல்லவன் மாதிரி…"

நான் அவளிடம் சொன்ன அதே வார்த்தைகள். ஒன்றுகூட மாறவில்லை. மனப்பாடமாய்த் தெரிந்த பாடம் என்பதாலோ என்னவோ எனக்குப் பயமே வரவில்லை, வெறும் களைப்புதான் வந்தது.

"துடைக்கும்போது விழுந்துச்சு முதலாளி. சத்தம் கேட்டுத் தெரிஞ்சுது. சொன்னா இப்படித்தான் சொல்வீங்கன்னு சொல்லல."

"கதை விடாதே!"

"கொஞ்சம் இருங்க" என்றார் டாக்டர். அவர் இன்னும் பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. "அன்னைக்கு லாக்கர் அடிச்சது யாரு?"

"நான்தான். வேற யார் கையிலயும் குடுக்கல. பிரஷ்ஷைக்கூட நானே வாங்கினேன்."

"அந்த பிரஷ் முடி கொட்டுற ரகமா?"

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"இங்க ஒரு முடி மாட்டியிருக்கு. ஒரு முனை இந்தக் காசு பூச்சுக்குள்ள, இன்னொரு முனை அந்தக் காசு பூச்சுக்குள்ள. ரெண்டும் ஈரமா இருந்தப்பவே ஒட்டியிருக்கு. காஞ்ச பிறகு ஒட்டினா முடி ரெண்டுக்குள்ளயும் எப்படிப் போகும்? பாருங்க, நீங்களே பாருங்க."

முதலாளி குனிந்து பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். பார்த்து முடித்த பிறகும் நிமிரவில்லை.

"தின்னர்ல போட்டாப் பிரிஞ்சுடும்" என்று சுங்க அதிகாரி சொன்னார். "தொட்டி, கீழ போய் எடுத்துட்டு வாப்பா."

"நான் தொடமாட்டேன் சார்" என்றேன். "அவரே எடுத்துட்டு வரட்டும்."

அந்தப் பட்டறையில் அப்படி ஒரு வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. முதலாளி எழுந்து கீழே போய் எடுத்து வந்தார். சாசரில் ஊற்றிப் போட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சள் பூச்சு இளகியது. ஒருவருஷ ராஜா அப்பனையும் மகனையும் விட்டு விலகிச் சாசரின் அடியில் தனியாகப் படுத்தான். எழுத்து ஒன்றும் அழியவில்லை.

முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. என்னை நினைத்து இல்லை, ராஜா கிடைத்ததற்கு. துணியில் ஒற்றி, ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, விளக்குக்கு நேரே காட்டினார். பிறகு பெரிய மனுஷக் குரலுக்கு வந்தார்.

"சரி தொட்டி. நடந்தது நடந்துபோச்சு. இனிமே பிடிக்கல. மீதிக் கடனைத் தள்ளுபடி பண்ணிட்டேன். போ, சந்தோஷமா இரு."

நான் கும்பிடப் போனேன். உண்மையாகத்தான் சொல்கிறேன், கை பாதி மேலே வந்துவிட்டது. பழக்கம் அப்படி. சமையலறை வாசலில் இருந்து அவள் குரல் வந்தது.

"மீதியைத் தள்ளுறது சரிங்க. எடுத்தது?"

முதலாளி திரும்பினார். "என்னம்மா?"

"நாப்பத்தோராயிரத்து இருநூறு எடுத்திருக்கீங்க. அது எந்தக் காசுக்கு?"

"இந்தா, பொம்பளை இதுல எல்லாம் பேசாதே. தெரியாம நடந்தது. நான் என்ன திருடியா தின்னேன்? பட்டறை நடத்துற கஷ்டம் எனக்குத்தான் தெரியும்."

சுங்க அதிகாரி தராசை மடித்துக்கொண்டிருந்தார். மடித்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "சட்டப்படி பாத்தா இதுல ஒரு சிக்கல் இருக்கு சார். தொலைஞ்ச பொருளுக்கு இவர்கிட்ட விலை வாங்கியிருக்கீங்க. விலை வாங்கினா அது விற்பனை. பொருள் கிடைச்சுடுச்சு. அப்போ பொருள் யாருடையது? பாதிக்கு மேல பணம் குடுத்தவர் அவர்."

"என்ன சார் விளையாடறீங்க? என் ராஜா!"

"அவர் ராஜா. மீதி இருபத்தேழாயிரத்து இருநூறுதான் உங்களுக்குப் பாக்கி."

பல் டாக்டர் உடனே பிடித்துக்கொண்டார். அவருக்கு அந்த ராஜாமேல் எத்தனை வருஷமாய் ஒரு கண்! "தொட்டி, அந்த மீதியை நான் இப்பவே இங்கயே கட்டறேன். நீ கட்டினதையும் உன் கையில குடுத்து, மேல பத்தாயிரமும் தரேன். காசை என்கிட்ட வித்துடு. என்ன சொல்றே?"

முதலாளி ராஜாவை மூடிய கைக்குள் வைத்துக்கொண்டார். முகத்தில் ரத்தமே இல்லை. நான் பாயைக் கிழித்துப் பார்க்க விட்டு நின்ற அன்றைக்கு என் முகம் எப்படி இருந்திருக்குமோ, அப்படி இருந்தது அவர் முகம். அவரால் அந்தக் கையைத் திறக்கவும் முடியாது, நாலு பேர் பார்க்க அப்படியே மூடி வைத்துக்கொள்ளவும் முடியாது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த அறையில் என் வாயிலிருந்து என்ன வரும் என்று நாலு பேர் காத்திருந்தது அதற்கு முன்னால் நடந்ததில்லை. பத்தாயிரம் மேலே என்றால் சும்மா இல்லை. ஆனால் வாங்கினால் நாளைக்கு வழக்கு என்பார், பஞ்சாயத்து என்பார், போலீஸ் என்பார். மறுபடி இந்த வாசலுக்கே வந்து நிற்க வேண்டும். ஒருவருஷ ராஜாவை வைத்துக்கொண்டு அவனைப்போல மாட்டிக்கொள்ள எனக்குத் தெம்பு இல்லை.

"எனக்கு ராஜா வேணாம் முதலாளி" என்றேன். "நீங்களே வச்சுக்குங்க. நான் கட்டினதை மட்டும் குடுத்துடுங்க. இப்பவே, இவங்க இருக்கும்போதே."

"இப்பவேவா? ஞாயித்துக்கிழமையில நான் எங்க போவேன்?"

"இரும்புப்பெட்டிக்கு லீவா?" என்றாள் அவள்.

டாக்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முதலாளி உள்ளே போனார். பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. நோட்டுக் கட்டோடு வந்து மேசையில் எண்ணி வைத்தார். இருநூறு குறைந்தது. சட்டைப்பையைத் தடவி அதையும் வைத்தார். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, விரலை நாக்கில் தொட்டு, முதலிலிருந்து மறுபடி எண்ணினாள். நடுவில் இருமல் வந்தது. எண்ணியதை விட்டுவிடாமல் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இருமி முடித்து, விட்ட இடத்திலிருந்து எண்ணினாள்.

"சரியா இருக்குங்க" என்றாள்.

"அப்போ நாளைக்குத் தொட்டிக்கு…" என்று முதலாளி ஆரம்பித்தார்.

"வேற ஆளைப் பாத்துக்குங்க முதலாளி."

அவர் ராஜாவைக் குழியில் வைத்துக் கண்ணாடியை மூடினார். எனக்கும் அவருக்கும் இருந்த கொடுக்கல் வாங்கல் அதோடு தீர்ந்தது.